மாட்டுக்காகத்தான் சொல்கிறேன்

கறக்க உட்காரும் முன் மாட்டுக்கு ஊசி போடுகிறவர் யாராக இருந்தாலும், இன்று மாலைக் கறவையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். பொங்கல் கழியட்டும், இந்த ஈற்று முடியட்டும், வாங்கிய மருந்து தீரட்டும் என்று நாள் பார்க்க வேண்டாம். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்குப் பால் ஊற்றும் வடக்குத்துக்காரர், இந்திரா நகர்க்காரர், மந்தாரக்குப்பத்துக்காரர், முத்தாண்டிக்குப்பத்துக்காரர் எல்லோரையும் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஊசியைத் தொட்டே அறியாதவர்கள் உண்டு; அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துத் தொழுவத்துக்காரர் காதில் இதைப் போடுவதற்கு அவர்களை விட்டால் ஏற்ற ஆள் கிடையாது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு எழுதுகிறவன் சொன்னால் ஏறாது, கூடவே மாடு கட்டுகிறவர் சொன்னால் ஏறும். வாங்கிக் குடிக்கிற எங்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

அந்த ஊசியில் இருப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். வெளியிலிருந்து வந்த வேண்டாத பொருள் அல்ல. மாட்டின் உடம்பிலேயே ஊறுவதுதான். கன்று வந்து மடியை முட்டுகிறது. அந்தத் தொடுகை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது, அது மடியை எட்டி, பால் நிறைந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்குகிறது. பால் காம்புக்கு இறங்குகிறது. 'மாடு சுரந்துடுச்சு' என்று நீங்கள் சொம்பை எடுப்பது அப்போதுதான். இந்தச் சுரப்பு ஐந்தாறு நிமிடம் நிற்கும், மிஞ்சிப்போனால் பத்து. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நாய் குரைத்தாலோ, புது ஆள் வந்து நின்றாலோ, மாடு அடிபட்டாலோ உடம்பில் அட்ரினலின் ஏறும். ஏறினால் பால் நின்றுவிடும். மாடு பாலை அடக்குகிறது என்று அதன் மேல் கோபப்படுகிறோமே, அது கள்ளத்தனம் செய்யவில்லை, பயந்திருக்கிறது.

இதெல்லாம் ஆய்வுக்கூடம் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டிய சேதியா? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று சொன்னவர்கள் ஹார்மோனைக் கண்டவர்கள் இல்லை. மாட்டின் மனசு இளகினால்தான் மடி இளகும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. நாம் அந்தப் பழமொழியை ஆளை மடக்கி வேலை வாங்கும் தந்திரத்துக்கு வைத்துக்கொண்டு, மாட்டுக்கு ஊசியை வைத்துவிட்டோம்.

ஊசி என்ன செய்கிறது? பாலை உண்டாக்குவதில்லை. உண்டாகி மடியில் இருப்பதை, மாடு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இறக்குகிறது. கன்று தேவையில்லை, தடவல் தேவையில்லை, காத்திருத்தல் தேவையில்லை. கறக்கிறவருக்குக் கால் மணி நேரம் மிச்சம். அந்தக் கால் மணி நேரத்துக்கு மாடு கொடுக்கும் விலையைக் கேளுங்கள். நாள்தோறும் ஊசி ஏறினால் உடம்பு தன் வேலையை மறக்கிறது. தன் ஆக்சிடோசினுக்கு மடி முன்போல இசைவதில்லை. போகப்போக ஊசி இல்லாமல் அந்த மாடு சரியாகச் சுரக்காது. 'ஊசி போடாட்டி பால் தர மாட்டேங்குது' என்று பிறகு அதையே காரணமாகச் சொல்கிறோம். அப்படிப் பழக்கியது நாம்.

கன்று ஈனும் நேரத்தில் கருப்பையைச் சுருக்கிக் கன்றை வெளியே தள்ளுவதும் இதே ஆக்சிடோசின்தான். மடிக்கென்று நினைத்துப் போடுகிற மருந்துக்கு மடி எது, கருப்பை எது என்று தெரியாது. காலையும் மாலையும் அந்த வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை வாயில்லா சீவன் எப்படிச் சொல்லும்? முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கும். கறக்கிறவர் கண்ணுக்கு அது உதைக்கிற மாடாகத் தெரியும், பின்னங்காலைக் கட்டிவிடுவார். சினை மாட்டையும் ஏழாம் மாதம் வரை கறக்கிறோம் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பருவத்துக்கு வந்த முதல் வாரத்தில் தினமும் ஆக்சிடோசின் போட்டால் கிடேரிகளின் பருவச் சுழற்சியே குறுகிவிடுகிறது என்று அமெரிக்காவில் 1959-லேயே காட்டியிருக்கிறார்கள். இங்கே, சினை ஊசி போட்டும் நிற்கவில்லை, மறுபடி போட்டும் நிற்கவில்லை என்று கால்நடை மருந்தகத்துக்கு நடையாய் நடக்கிறோம். கறவை ஊசியைப் பற்றி டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. கடைசியில் சினை பிடிக்காத மாடு சந்தைக்குப் போகிறது. அதை ஏற்றிவிட்டு வருகிறவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். மாட்டின் மேல் ஆசை இல்லாதவர்கள் என்று உங்களை நான் சொல்லவே மாட்டேன். அந்த ஆசை கறக்கும் நேரத்தில் மட்டும் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

ஊசிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கன்று இருக்கிறது, செத்துப்போன கன்று. ஜெர்சிக் கலப்பில் காளைக்கன்று பிறந்தால் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. ஏருக்கு டிராக்டர் வந்துவிட்டது, வண்டிக்கு டெம்போ வந்துவிட்டது. அது குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. சீம்பாலே சரியாகக் கொடுப்பதில்லை. பிறகு ஒரு காம்பை விடுவது, அதையும் பாதியில் இழுத்துக் கட்டுவது. குடற்புழுவும் கழிச்சலும் வந்தால் கன்று ஒரு மாதம் தாண்டாது. யாரும் அதைக் கொல்வதில்லை, சாக விடுகிறோம். கன்று போனதும் தாய் பாலை அடக்குகிறது. முன்பு தோலுக்குள் வைக்கோலைத் திணித்துக் கன்றுபோல நிறுத்தி ஏமாற்றினார்கள். அதிலாவது மாடு நக்கிப் பார்க்க ஏதோ ஒன்று எதிரே நின்றது. இப்போது ஊசி வந்து அந்தப் பொய்க்கன்றையும் வேண்டாததாக்கிவிட்டது. ஆகவே ஊசியை நிறுத்துங்கள் என்று சொல்கிறபோது கன்றைப் பிழைக்க விடுங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறேன். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு தினமும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், வேளைக்குக் குடற்புழு மருந்து. காளைக்கன்றுக்கும் அதே அளவுதான்.

இனி பால் குடிக்கிறவர்களிடம் வருகிறேன்.

ஊசிப் பாலைப் பற்றி நகரியத்தில் பேச்சு எழுந்தால் அது ஒரே இடத்துக்குத்தான் போகிறது. 'பொம்பளப் புள்ளைங்க சீக்கிரமே வயசுக்கு வர்றதுக்கு இந்த ஊசிப் பால்தான் காரணமாம்.' சொல்கிறவர் முகத்தில் உண்மையான பயம் இருக்கும். ஆனால் ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதத் துண்டு. வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துச் சிதைந்துவிடும். மனிதருக்கு இந்த மருந்தை வாய் வழியாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவதே அதனால்தான். அந்தப் பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. இதை மறைத்துவிட்டு, பயமுறுத்தினாலாவது ஊசி நிற்காதா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொய்யின் மேல் கட்டிய அறம், பொய் வெளுக்கும் நாளில் தானும் சரிந்துவிடும். 'பாலில் ஒன்றும் வராதாமே, அப்புறம் என்ன?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

என்னிடம் இருக்கிறது. பாலில் ஒன்றும் வராவிட்டாலும் அது தப்புதான். நம் பிள்ளைக்கு ஆபத்து என்றால் துள்ளுகிறோம், ஆபத்து இல்லை என்று தெரிந்தால் அமைதியாகிவிடுகிறோம். அந்த அமைதியை நினைத்துத்தான் நாம் வெட்கப்பட வேண்டும்.

வெட்கப்படத் தெரிந்த ஒரு நாட்டின் கதை இருக்கிறது, வேறோர் ஊசியைப் பற்றியது. ஆக்சிடோசின் வேறு, மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் வேறு. முன்னது இருக்கும் பாலை இறக்குவது, பின்னது தின்ற தீவனத்தின் சத்தையெல்லாம் மடிப் பக்கம் திருப்பிவிட்டுப் பாலையே கூட்டுவது. மான்சாண்டோ கம்பெனி அதைச் செயற்கையாகத் தயாரித்து, போசிலாக் என்று பெயர் வைத்து, 1993-இல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கி, 1994 முதல் விற்றது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி, பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுதல் பால். கனடாவிலும் அனுமதி கேட்டது. கனடா இரண்டு நிபுணர் குழுக்களை அமர்த்தியது. ஒன்று மனிதர்களுக்கு, ஒன்று மாடுகளுக்கு. மனிதருக்குக் குறிப்பிடும்படியான கெடுதி இல்லை என்று முதல் குழு சொன்னது. கால்நடை மருத்துவர்களின் குழு, ஊசி போட்ட மாடுகளுக்கு மடிநோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் வரை, மலட்டுத்தன்மை 18 சதவீதம், கால் நொண்டும் வாய்ப்பு 50 சதவீதம் வரை கூடுகிறது என்றது. 1999 ஜனவரியில் கனடா அனுமதி மறுத்தது. குடிக்கிறவனுக்கு ஆபத்து இல்லை என்று எழுத்தில் வந்த பிறகும், மாடு படும் பாட்டை மட்டுமே காரணமாகச் சொல்லி, ஒரு பெரிய கம்பெனியின் மருந்தை வாசலிலேயே நிறுத்தியது. அதே ஆண்டு இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் மாடுகளின் நலனைச் சொல்லியே கதவை அடைத்தது.

மாட்டைத் தெய்வம் என்று சொல்லாத தேசங்கள் அவை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, வாயில் பொங்கல் ஊட்டுகிற ஊர் நம்முடையது. வடலூர் நமக்கு ஒரு டவுன் பஸ் தூரம். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் அங்கே எரிகிறது. தைப்பூச ஜோதிக்கு நெய்வேலியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறோம். உயிர்களிடத்துக் காட்டும் இரக்கமே வழிபாடு என்றவர் அவர். அந்த இரக்கம் கத்தியைப் பார்த்தால்தான் வருமா? ஊசியைப் பார்த்தால் வராதா? சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு, டிகாஷனில் ஊசிப் பாலை ஊற்றிக் குடித்துவிட்டு, சன்மார்க்கம் பேசினால் போதுமா என்று சபையின் படியில் ஏறும் முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

இந்த விஷயத்தில் காந்தி தன்னை விடாமல் உறுத்திக்கொண்டவர். கல்கத்தாவில் மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பாலை இறக்கும் கொடுமை நடந்தது. அதற்கு 'பூக்கா' என்று பெயர். அதை அறிந்தபின் அவருக்குப் பால் மேலேயே வெறுப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1912-இல் பாலை விட்டார். 1918-இல் சீதபேதியில் விழுந்து சாகக் கிடந்தபோதும் டாக்டர் சொன்ன பாலைக் குடிக்க மறுத்தார். ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்க, அதற்கு இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற உறுத்தல் அவரை விடவில்லை. சத்திய சோதனையில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் பாலை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பால் எப்படி வந்தது என்று ஒரு தடவையாவது கேட்கலாமே.

பூக்காவையும் ஊசியையும் சட்டம் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 12: பால் கூட வேண்டும் என்று கறவை மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் எந்தச் செயலைச் செய்தாலும், அது எந்தப் பொருளை ஊசியாகப் போடுவதாக இருந்தாலும், ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாடு அரசாங்கத்துக்குப் போய்விடும். தானே போடாமல், தன் மாட்டுக்கு அடுத்தவர் போட விட்டாலும் இதுதான். ஆயிரம் ரூபாய் என்பது 1960-இல் பெரிய தொகை; இன்றைக்கு ஒரு மூட்டைத் தீவனம்கூட வராது. மாட்டையே இழப்பது அப்படி இல்லை. 2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், அங்குள்ள மாட்டுப் பண்ணைகளில் ஆக்சிடோசின் போடுவது இந்தப் பிரிவின்படி குற்றமே என்று சொல்லி, வாரந்தோறும் சோதனை நடத்த உத்தரவிட்டது. சட்டம் நெய்வேலிக்கும் அதுதான்.

போலீசுக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆக்சிடோசின் முதன்மையாகத் தாய்மாருக்கான மருந்து. குழந்தை பிறந்தபின் இரத்தம் நிற்காமல் போகும் பெண்ணை அதை வைத்துத்தான் மீட்கிறார்கள். பிரசவ வார்டில் குளிர்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் அந்தச் சின்னக் குப்பி இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளில் தாய் திரும்பி வந்திருக்க மாட்டாள். அந்த மருந்து நமக்கு வந்த வழியைக் கேளுங்கள். 1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர், பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டும் வரை, மாட்டின் மூளையடியிலிருந்து எடுத்த சாறுதான் பெண்களைக் காப்பாற்றியது. டு விக்னோவுக்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்குக் கிடைத்தது நம் ஊசி.

தொழுவத்தில் இதைத் தப்பாகப் பயன்படுத்தியது பிரசவ வார்டு வரை போய்த் தாக்கியது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2016-இல் இந்தத் துஷ்பிரயோகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டுப் பயன்பாட்டுக்குத் தனியார் யாரும் ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது, கர்நாடக ஆண்டிபயாடிக்ஸ் என்ற ஒரே பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்று அறிவித்தது. நாட்டில் பிரசவமாகும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஆலை! மருந்து கிடைக்காமல் தாய்மார் செத்தால் யார் பொறுப்பு என்று மருந்துக் கம்பெனிகளும் மருந்துரிமை அமைப்பும் நீதிமன்றம் போயின. 2018 டிசம்பர் 14-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்க ஒருவர் போட்ட ஊசிக்காக, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் உயிர் பணயத்தில் வைக்கப்பட்டது. கால்நடைகளுக்கான ஆக்சிடோசினைக் கால்நடை மருத்துவமனைகளுக்குத்தான் விற்க வேண்டும் என்று 2014-லேயே விதி வந்துவிட்டது. ஆகவே பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பாட்டிலில், பெட்டிக்கடை சரக்குபோலக் கைமாறுகிற ஒன்றை உங்கள் கையில் யாராவது திணித்தால், அது கள்ளச்சரக்கு. அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு வீரியம், எந்தத் தண்ணீரில் கரைத்தது என்பதற்கு விற்கிறவனே பொறுப்பேற்க மாட்டான்.

குடிக்கிறவருக்குக் கெடுதி வேறு வழியில் வருகிறது. அதையும் மறைக்கக் கூடாது. ஒரே ஊசியைக் கழுவாமல் மாடு மாடாகக் குத்துவதில் நோய் பரவுகிறது. அவசரக் கறவையும் அழுக்குக் கையும் சேர்ந்தால் மடிநோய். மடிநோய்க்கு ஆண்டிபயாடிக். மருந்து போட்டபின் இத்தனை நாள் பாலை விற்காதே என்று டாக்டர் சொல்வார். அந்தப் பாலும் கேனுக்குள் போகிறது. இன்னொன்று பூசணம் பிடித்த பிண்ணாக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு வரம்பைத் தாண்டியவற்றில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. இந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் கடலை விளையும் சீமை நம்முடையது. ஈரம் காயாத கடலையை ஆட்டி, ஈரம் காயாத பிண்ணாக்கை மழைக்காலத்தில் தரையில் அடுக்கினால் நஞ்சு அங்கேயே பிறக்கிறது. ஹார்மோன் என்ற சொல்லுக்கு அலறுகிற நாம் பூசணத்துக்கு அலறியதாக நினைவில்லை. பச்சைப் பொடி படிந்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள். முதலில் கெடுவது மாட்டின் ஈரல், அப்புறம்தான் நம்முடையது.

மாடு வைத்திருப்பவர் கேட்பார்: 'தீவன விலை தெரியுமா உங்களுக்கு? பேச வந்துட்டீங்க.' நியாயமான கேள்வி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டத்தில் மேய்ச்சல் தரை சுரங்கமாகவும், மண்மேடாகவும், சாம்பல் ஏரியாகவும் மாறிக்கொண்டே வருகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நெல்வயலில் நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியதை ஊரே பார்த்தது. நிலம் போனவர் வீட்டில் மிச்சம் இரண்டு மாடுதான். அதற்கும் புல் இல்லை, எல்லாம் மூட்டையில் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாயாக இருந்தது, அதோடு 3 ரூபாய் ஊக்கத்தொகை. இந்தக் கணக்கில் யாரும் பங்களா கட்ட முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் நிலத்தை எடுத்தவர்கள் உங்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்றுதானே உங்கள் ஆத்திரம்? அந்த ஆத்திரம் நியாயம் என்றால், உங்களைவிட எளிய ஓர் உயிரிடம் அதையே நீங்கள் செய்யக் கூடாது. பழுப்பு நிலக்கரி தீர்ந்தால் இன்னொரு சுரங்கம் வெட்டுவார்கள். ஒரு மாட்டுக்கு ஒரு உடம்புதான்.

நகரியத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்கிறோம்? மாதம் பிறந்தால் சம்பளம். ஷாப்பிங் சென்டரில் செல்போனுக்கு விலை பேச வெட்கப்படுகிறவர், பால்காரரிடம் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைக்கப் பேசுவார். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பால் வாசலில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் 'நாளையிலிருந்து வேணாம்' என்பார். வெயில் காலத்தில் பால் குறையும், கன்று ஈன்று மாதம் ஆக ஆகக் குறையும் என்பது மாட்டின் இயல்பு. அந்தக் குறைவை ஏற்க மாட்டார். கெட்டியாக வேண்டும், நேரத்துக்கு வேண்டும், மலிவாக வேண்டும், ஒருநாளும் குறையக் கூடாது. இப்படியெல்லாம் கேட்கிறவர் வாசலுக்கு வருகிற பாலுக்காக எங்கேயோ ஒரு மாடு ஊசி வாங்குகிறது என்றால், அதைப் போடும் கையில் நம் விரலும் இருக்கிறது. பால்காரரை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் தப்ப முடியாது.

ஊசிக்குப் பழகிய மாட்டை மீட்பது முடியாத காரியம் அல்ல. சில நாள் பால் குறையும், மாடு சண்டித்தனம் செய்யும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மடியை ஒரு நிமிடம் துடைத்துவிடுங்கள். கன்று இருந்தால் முதலில் அதை விடுங்கள். இழுத்துக் கட்டினாலும் தாயின் கண்ணெதிரே, நக்கும் தூரத்தில் கட்டுங்கள். கறக்கும்போது முன்னால் தீவனம் இருக்கட்டும். சத்தம் போடாதீர்கள், அடிக்காதீர்கள். சுரந்ததும் முழுக் கையால் வேகமாகக் கறந்து முடியுங்கள். கட்டை விரலை மடக்கிக் காம்பை நசுக்க வேண்டாம். அப்படியும் இறங்காவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962-க்குப் போன் போடுங்கள்; எந்த ஊசி எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நகரியத்து அக்காமார், அண்ணன்மார் செய்ய வேண்டியது இதைவிட எளிது. நாளைக் காலை பால்காரரை நிறுத்தி, 'அண்ணே, பால் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, லேட்டானாலும் பரவாயில்லை, ஊசி மட்டும் வேணாம். லிட்டருக்கு மூணு ரூபாய் சேர்த்தே தர்றோம். கன்னுக்கு ஒரு காம்பு விட்டுடுங்க' என்று சொல்லுங்கள். சொன்னபடி மாதக் கடைசியில் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் தொழுவத்துக்குப் போய் வாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் கன்றுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போங்கள்.